கோனி தீவின் வாசல் வரை

ஆறு வருடம் கழித்துத் தம்பி ஜூலியஸை ஜெசிந்தா பார்த்தது எல்.ஆர்.டி ரயில் வண்டியின் சன்னல் வழியாக.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளோடு பல் மருத்துவ கிளினிக்கில் வேலை பார்க்கும் லீலா பொங்கோலில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினாள். அதற்குத்தான் ஜெசிந்தா போய்க்கொண்டிருந்தாள். வண்டி அங்கே நீர்வழி என்ற கால்வாயைக் கடக்கும்போது கீழே கரையோரம் ஓர் ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை. யாராகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கழுத்தை லேசாக இடப்பக்கம் சாய்த்துத் தண்ணீர் குடிக்கிற ஆட்களை அவள் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறாள். ஒருவர் அம்மா. அவர் இப்போது இல்லை.

வண்டி வளைந்து திரும்பியது. ஜெசிந்தா எழுந்து பின் சன்னலுக்கு ஓடுவதற்குள் கட்டடங்கள் மறைத்துவிட்டன. லீலா வீட்டில் பால் குடித்தாள், அறை அறையாகச் சுற்றிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். எதுவும் மனத்தில் நிற்கவில்லை.

அம்மா பிலோமினம்மாளுக்கு இவர்கள் இருவர்தான் பிள்ளைகள். ஜெசிந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓவன் ரோடு வீட்டில் அம்மாவோடே இருந்தாள். ஜூலியஸ் கட்டுமான வேலையாகக் கத்தாருக்குப் போயிருந்த சமயத்தில்தான் அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. இரண்டு முறை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனார். ஒரு மதியம் இரவு உடுப்போடு தேக்கா மார்க்கெட் வரை நடந்து போய்விட்டார். பிறகு குளியலறையில் விழுந்தார். ஜெசிந்தா வேலையையும் விட முடியாமல், அம்மாவையும் தனியே விட முடியாமல் தவித்தாள். ஜூலியஸ் போனில், "ரெண்டு மாசத்துல வந்துருவேன்க்கா, அதுவரைக்கும் ஹோம்ல மட்டும் போட்டுராத," என்றான். அவள் ஒரு மாதம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. முதியோர் இல்லத்தில் சேர்த்த பத்தொன்பதாம் நாள் அம்மா நிமோனியா வந்து இறந்துபோனார்.

அடக்கத்துக்கு வந்தவன் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் கேட்டான். "இன்னும் ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் உனக்குப் பொறுக்க முடியலையா?"

அதுதான் கடைசிப் பேச்சு. அதன்பின் போன் எடுக்கவில்லை. வீடு மாறினான், எங்கே என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா காலையிலேயே பொங்கோலுக்குப் போய் நீர்வழிக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு அவன் வந்தான். வந்த வேகத்தில் போயும்விட்டான். அவள் கூப்பிடவில்லை. முதுகை மட்டும் போனில் படம் பிடித்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. கூப்பிட்டால் அவன் நிற்க வேண்டும். நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியாது. அதே பாதையில் அவளும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தால்? பக்கத்தில் வந்தாலும் முன்னால் பார்த்துக்கொண்டே போகலாம். பேசினாலும் பேசலாம், பேசாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கலாம்.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனாள். விற்பனைக்கு நின்ற இளைஞன் கார்பன் என்றான், டிஸ்க் பிரேக் என்றான், எத்தனை கியர் வேண்டும் என்று கேட்டான். எதற்கு எத்தனை கியர் என்று தெரியாமல் அவள் தலையாட்டிவிட்டு விலைப்பட்டியலோடு வெளியே வந்தாள். பிறகு போன் செயலியில், தம்பியுடையது போலவே கைப்பிடி கொம்பாகக் கீழே வளைந்த பழைய சைக்கிள் ஒன்றைக் கண்டுபிடித்து, ஜூரோங் வரை போய்ப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்ததும் பிரேக் எட்டவில்லை. குப்புற விழப்போவது போல இருந்தது. விற்க வந்த ஆளே, "வேணாம் ஆண்ட்டி, இது உங்களுக்குச் சரிவராது," என்று சைக்கிளைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

கடைசியில், தன் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஹலீமாவின் கடைக்குப் போனாள். ஹலீமா நாற்பது வயதுக்காரி. விரலெல்லாம் கிரீஸ். ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாருக்கு அக்கா, பிள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

"கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"

"பன்னெண்டு வயசுல. ஈஸ்ட் கோஸ்ட்ல, வாடகை சைக்கிள்."

ஹலீமா சிரிக்கவில்லை. "எங்க ஓட்டப் போறீங்க?"

"பொங்கோல்ல."

"வீடு அங்கயா?"

"இல்ல, இங்கதான். ஓவன் ரோடு."

"அப்ப சைக்கிள எப்படி அங்க கொண்டு போவீங்க? எம்.ஆர்.டி ரயில்ல மடக்குற சைக்கிள்தான் விடுவாங்க லா."

ஜெசிந்தா அதை யோசிக்கவே இல்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். "இவன் என் தம்பி. ஞாயித்துக்கிழமை அங்க ஓட்டுறான். எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

ஹலீமா கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ரேஸ் சைக்கிள். கால பாத்தாலே தெரியுது, நல்லா ஓட்டுற ஆளு. அக்கா, பொய் சொல்லி விக்க எனக்கு இஷ்டமில்ல. நீங்க எத வாங்குனாலும் இவரப் பிடிக்க முடியாது."

"பிடிக்க வேணாம். அதே பாதையில இருந்தா போதும்."

ஹலீமா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அப்ப இங்கேருந்தே ஓட்டிட்டுப் போங்க. காலாங் ஆத்தோரம் சிமெண்டுப் பாதை. ஹவ்காங் பக்கம் நடைபாதை, ஏத்தி இறக்கணும். அப்புறம் சிராங்கூன் ஆத்தோரமா நேரா பொங்கோல். அங்க பாலம் தாண்டிக் கோனி தீவுக்குள்ள போனா சரளைக் கல்லு. எல்லாத்துக்கும் ஒரே சைக்கிள்னா ஹைபிரிட்தான். கைப்பிடி நேரா இருக்கும், முதுகு நிமிந்து உக்காரலாம். டயர் ரொம்ப மெலிசும் இல்ல, ரொம்பத் தடியும் இல்ல."

ஊதா நிறத்தில், முன்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் ஒன்று ஜெசிந்தாவின் கண்ணில் பட்டது. "இது?"

"அழகா இருக்கும். ஆனா கனம். பாலம் ஏறும்போது என்னத் திட்டுவீங்க."

நீல நிறத்தில் ஒன்றை நிறுத்திக் குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் கால் வைத்து நிற்கச் சொன்னாள். கம்பி இடித்தது. அது பெரிய அளவு. அடுத்தது சாம்பல் நிறம். கம்பிக்கும் அவளுக்கும் இடையில் தாராளமாக இடம் இருந்தது, கைப்பிடி தானாகவே கைக்கு வந்தது. முன்பக்கம் ஒரே பல்சக்கரம், பின்னால் எட்டு கியர். "வலது கட்டை விரல மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, போதும்," என்றாள் ஹலீமா. சாம்பல் நிறம்தான் ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. வேறு நிறம் வர இரண்டு மாதம் ஆகும் என்றதும் இதையே எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் என்ற வார்த்தை அவளுக்கு ஆகாது.

இரு காலும் தரையில் படும்படி ஹலீமா சீட்டை இறக்கி வைத்தாள். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஜெசிந்தா முதல்முறை ஏறினாள், குப்பைத் தொட்டி வரை போனாள், அதன் மேலேயே விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது. எழுந்து மறுபடி ஏறினாள். ஆறு வாரம், வேலைக்குப் போகுமுன் தினமும் வீட்டுக்குப் பக்கத்து ஃபேரர் பார்க் மைதானத்தைச் சுற்றினாள். திரும்பும்போது கை காட்டப் பழகினாள். ஆட்களைப் பார்த்தால் இறங்கி உருட்டுவதை மட்டும் விட முடியவில்லை.

முதன்முதலில் பொங்கோல் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம் ஆனது. ஒரு திருப்பத்தில் வழி தவறி ஒரு தொடக்கப்பள்ளி வாசலில் போய் நின்றாள். நீர்வழியை அடைந்தபோது ஜூலியஸ் வந்து போயிருக்க வேண்டும். அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே கிளம்பினாள். ஒன்பது மணிக்கு அவளுக்குப் பின்னால் மணிச்சத்தம் கேட்டது. இடப்பக்கம் ஒதுங்கினாள். காற்றைப் போலத் தாண்டிப் போனான். அவள் மிதித்தாள், மூச்சு வாங்க மிதித்தாள். இரண்டு வளைவுக்குள் முதுகும் மறைந்தது. திரும்பி வரும்போதும் எதிரில் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவளை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துதான் குனிந்தானா? அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வீடு வந்தாள்.

நான்காம் ஞாயிறு மணிச்சத்தம் கேட்டது. ஆனால் யாரும் தாண்டவில்லை. பின்னால் சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடுவாள், அந்த அளவுக்குத்தான் ஓட்டத் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் மெல்லிய முன்சக்கரம் ஒன்று அவள் வலப்பக்கம் வந்தது.

"சீட்டு தாழ்வா இருக்கு," என்றான் ஜூலியஸ். "முட்டி போயிரும்."

"அப்படியா," என்றாள்.

"எங்கேருந்து ஓட்டிக்கிட்டு வர்ற?"

"வீட்டுலேருந்து."

"ஃபேரர் பார்க்லேருந்தா?"

"ம்."

அவன் வேகத்தைக் கூட்டவில்லை. கோனி தீவின் வாசல் வரை இருவரும் பேசாமல் போனார்கள். அங்கே சரளைப் பாதை தொடங்குகிறது. அவனுடைய டயருக்கு அது ஆகாது. இறங்கி நின்றார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றினான். மீசை நரைத்திருந்தது. ஆறு வருடத்தில் அவனுக்கு இவ்வளவு வயதாகியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"அம்மா கடைசியில என்னத் தேடுனாங்களா?"

பொய் சொல்ல அவளுக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. "தேடுனாங்க. சாயங்காலம் ஆனா, ஜூலியஸ் வேலை விட்டு வந்துட்டானான்னு கேப்பாங்க. வந்துட்டான், குளிக்கிறான்னு சொல்லுவேன். சரின்னு படுத்துக்குவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "என்னத்தான் யாருன்னு கேட்டாங்க."

ஜூலியஸ் கடல் பக்கம் திரும்பி நின்றான். பிறகு சைக்கிளில் ஏறி, வந்த வழியே போய்விட்டான். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஜெசிந்தா வாரம் முழுக்கப் புழுங்கினாள். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தான். வந்ததும் அவளை இறங்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து திருகுச் சாவி எடுத்துச் சீட்டை இரண்டு விரல் அளவு உயர்த்தி முடுக்கினான்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. வாசல் வரை சேர்ந்து போகிறார்கள். அவன் திரும்பிவிடுகிறான், அவள் உள்ளே சரளையில் கொஞ்ச தூரம் தனியாக ஓட்டிவிட்டு வருகிறாள். பேச்சு டயர் காற்று, மழை, அவன் மூத்தவள் ஜோவன்னாவின் பரீட்சை என்று போகிறது. ஓவன் ரோடு வீட்டுக்கு அவன் இன்னும் வரவில்லை. தன் வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை. அவன் வீடு எந்த அடுக்குமாடி புளோக்கில் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று அவளாகக் கேட்பதும் இல்லை. கேட்டால் இதுவும் போய்விடுமோ என்ற பயம்.

போன வாரம் வாசலில் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னான். "அடுத்த வாரம் வரமாட்டேன்க்கா. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஈப்போ போறோம். நீ பாட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்காத."

"சரிப்பா," என்றாள்.

வரமாட்டேன் என்று அவன் தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதை நினைத்து நினைத்து அவள் அன்று வீடு வரை மிதித்தாள். இந்த ஞாயிறு அவன் இல்லை என்று தெரியும். ஆனாலும் காலையில் சைக்கிளைக் கதவுக்கு வெளியே உருட்டி, மின்தூக்கியில் ஏற்றினாள்.