சேவ் அக்கா எழுதிய பரீட்சை

இருபத்தொரு வருடங்கள், முப்பது கணினிகள், ஒரே ஒரு சாவி. கல்லூரியின் முதல் மாடியில் உள்ள கணினி ஆய்வகத்தின் உதவியாளரைப் பற்றி அலுவலகக் கோப்பில் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. மாணவர்கள் வைத்த பெயர் அந்தக் கோப்பில் ஏறவே இல்லை. அது சேவ் அக்கா.

பெயர் வந்த கதை சின்னது. முதல் சில வருடங்களில் மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போகும். பேட்டரி நான்கு நிமிடம்தான் தாங்கும். விளக்கு அணைந்ததும் பின்சுவரோரம் நிற்கும் அக்கா, பேருந்துக்கு ஆள் கூப்பிடுகிறவர் மாதிரி குரல் கொடுப்பார்: "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க! அப்புறம் என் முன்னால வந்து அழக் கூடாது!" பிறகு மின்சாரம் ஒழுங்கானது. குரல் நிற்கவில்லை. மணி அடிக்கும்போது, யாராவது கொட்டாவி விடும்போது, ஏன், நடைவழியில் எதிரே வரும்போதுகூட, "சேவ் பண்ணிட்டீங்களா?"

அங்கே நடப்பது முதலாண்டு எல்லோருக்கும் பொதுவான பாடம். கணினி அறிமுகமும் அலுவலக மென்பொருளும். எந்தத் துறையில் சேர்ந்தாலும் இந்த ஒரு படியைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போது ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருத்தி கையில் மவுஸ், இன்னொருத்தி கையில் விசைப்பலகை. பாதி வகுப்பு மாமியார் மருமகள் சண்டையிலேயே கழியும். மவுஸைத் தூக்கித் திரையில் வைத்துத் தேய்த்தவன் உண்டு. கணக்குத் தாளில் எண்களை அழகாக நிரப்பிவிட்டு, பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துக் கூட்டி, மொத்தத்தைக் கையால் தட்டிய புத்திசாலி உண்டு. தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் விசையை நாற்பத்தாறு முறை தட்டி, எண்ணிக்கையை நோட்டில் குறித்து வைத்த ஒரு பெண்ணும் இருந்தாள். அவள்தான் இன்றைக்கு இந்தப் பாடத்தின் விரிவுரையாளர்.

"அக்கா, அந்த நாற்பத்தாறை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க," என்பார் விரிவுரையாளர்.

"சொல்லமாட்டேன் மேடம். நாற்பத்தஞ்சுன்னு குறைச்சுச் சொல்றேன்."

அறைக்கு வெளியே காலணிகள் வரிசையாகக் கிடந்த காலம் அது. தூசி உள்ளே வரக்கூடாது என்று விதி. கணினிகளுக்கு அக்காவே வீட்டில் தைத்துக் கொண்டுவந்த நீலத் துணி உறைகள். காலையில் முப்பதையும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்ப்பிக்கும்போது ஒரு முனகல் கிளம்பி அறை முழுக்கப் பரவும்; கூட்டம் வரும் முன்னே வாத்தியக்காரர்கள் சுருதி சேர்ப்பது போல. இப்போதைய கணினிகள் சத்தமே போடுவதில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் குறைதான். உறைகள் மட்டும் அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் மடித்தபடி இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை.

பாடத்தை அவர் படித்ததெல்லாம் அந்தப் பின்சுவரில் சாய்ந்து நின்றுதான். இருபத்தொரு தடவை அதே முதல் வகுப்பு. எந்த வரியில் எந்த ஆசிரியர் இருமுவார் என்பதுவரை மனப்பாடம். ஆனால் கையில் ஒரு சான்றிதழ் கிடையாது.

சென்ற தை மாதம் அதற்கு வேளை வந்தது. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் அனைவரும் கணினி அறிமுகப் பாடத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இல்லாதவர்கள் பதிவேட்டு அறைக்கு மாற்றப்படுவார்கள் என்று சுற்றறிக்கை. பதிவேட்டு அறை மைதானத்துக்கு அந்தப் பக்கம், கட்டுக் கட்டாகப் பழைய காகிதம், ஒற்றை ஜன்னல். ஐம்பத்திரண்டு வயதில் அக்கா முதலாண்டுப் பிள்ளைகளோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்.

தேர்வன்று காலையில் கணவர், பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர், வாசலில் நின்று சிரித்தார். "பரீட்சை எழுதப் போறவ பேனா எடுத்துட்டுப் போவா. நீ என்னம்மா சாவியை எடுத்துட்டுப் போற?"

"நான் திறக்காட்டி யாருங்க திறப்பா? பரீட்சையை வராந்தாவுல உட்கார்ந்தா எழுதுறது?"

திறந்தார். முப்பது கணினிகளையும் துடைத்தார். நடைவழியில் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது ஏ.சி.யைப் போட்டால் பின்வரிசைகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்த வரிசைகளின் பேட்டரி செத்து மூன்று மாதம். புதியது கேட்ட கடிதம் அலுவலகத்தில் தூங்குகிறது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சீட்டுக் குலுக்கலில் தனக்கு விழுந்த நாலாம் எண் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். முன்வரிசை. அந்த அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"அக்கா, நாங்க காப்பி அடிச்சா நீங்க கண்டுக்கக் கூடாது," என்றாள் பக்கத்துப் பெண்.

"நானே உன்னைப் பார்த்து எழுதலாம்னு இருக்கேன், வாயை மூடு."

மூன்று கேள்விகள். முதலாவது: உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அட்டவணையோடு வடிவமைக்கவும். முப்பது மதிப்பெண். இரண்டாவது கணக்குத் தாள், முப்பது. மூன்றாவது, ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அவரவர் பெயர் முகவரியோடு தயாரிப்பது, நாற்பது. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. மூன்றாவது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார். அதைக் கடைசிக்கு வைத்தார்.

முதல் கேள்வியில்தான் சிக்கல். தலைப்பு ஒரே தட்டில் நடுவுக்கு வந்துவிட்டது. அதன் கீழே என்ன எழுதுவது? ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்த கை, தனக்கென்று ஒரு கோப்பை இதுவரை திறந்ததே இல்லை. "நான்" என்று தட்டி அழித்தார். மறுபடி தட்டினார். அரை மணி நேரம் ஓடிப்போனது. கடைசியில் கணினிகள், காலணிகள், நீல உறைகள் என்று எழுதி முடித்தார். வரிக்கு ஒரு முறை இடது கை தானாகச் சேவ் செய்தது. கணக்குத் தாளை வேகமாக முடித்து மூன்றாம் கேள்விக்கு வந்தார்.

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு வியர்த்தது. எழுந்துபோய் இரண்டாவது ஏ.சி.யைப் போட்டார்.

உறுமல் கேட்டது. அடுத்து நடைவழியில் ஒரு "டக்". பின்வரிசைத் திரைகள் கறுத்ததைப் பிள்ளைகள் உணர்ந்து "ஐயோ!" என்பதற்குள் அக்கா கதவுக்கு வெளியே இருந்தார். அறிவிப்புப் பலகையை நகர்த்தி, சுவிட்சை மேலே தள்ளி, உள்ளே வந்து ஏ.சி.யை அணைத்து, "யாரும் பதறாதீங்க, சேவ் பண்ணினது அப்படியே இருக்கும்," என்று சொல்லி முடித்தபோதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

தேர்வாளர் அவருடைய இருக்கையின் அருகில் நின்றிருந்தார். "நீங்க பரீட்சை எழுத வந்தீங்களா, வேலை பார்க்க வந்தீங்களாம்மா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

"அறையை விட்டு வெளிய போனவங்க திரும்ப உட்காரக் கூடாது. முதல்லயே படிச்சுக் காட்டினேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அவங்க போகலைன்னா நாங்க பதினஞ்சு பேரும் அவுட்டு சார்!"

"உட்காருப்பா. அவங்க நல்லவங்கதான். விதியை நான் எழுதலை." குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. நாலாம் எண் கணினியின் கோப்பை அந்த நிலையிலேயே மூடினார். மூன்றாம் கேள்வியில் ஒரு முகவரிகூட ஏறியிருக்கவில்லை.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. நாற்பத்தேழு. முதல் கேள்விக்கு மட்டும் முப்பதுக்கு இருபத்தொன்பது.

விரிவுரையாளர் கொதித்தார். "மூணு மார்க்குக்கா? அக்கா, நான் முதல்வர்கிட்ட எழுதித் தர்றேன். நடந்ததைச் சொன்னா போதும்."

"வேண்டாம் மேடம். நாளைக்கு ஒரு பிள்ளை ஃபெயிலாகி வந்து நின்னா, 'அக்காவுக்கு மட்டும் போட்டீங்களே'ன்னு கேட்கும். துணைத் தேர்வு இருக்குல்ல? அதுவரைக்கும் மாத்த மாட்டாங்க."

"அன்னைக்கும் எங்கயாவது 'டக்'னு கேட்டா?"

 அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு, அக்கா நாலாம் எண் கணினியில் தன் வாழ்க்கையின் இரண்டாவது கோப்பைத் திறந்தார். இதற்கு அரை மணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுவிட்சுப் பெட்டி எங்கே இருக்கிறது, இரண்டாவது ஏ.சி.யை ஏன் போடக்கூடாது, பன்னிரண்டாம் எண் கணினி எப்படித் தட்டினால் எழும், யார் கை தூக்கினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம். தலைப்பு நடுவில். சேவ் செய்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒட்டினார். இன்னொன்றைச் சாவியோடு சேர்த்து, துணைத் தேர்வன்று தனக்குப் பதிலாக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளப்போகும் பதிவேட்டு அறை ஊழியரிடம் கொடுத்தார்.

துணைத் தேர்வு வரும் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு. அன்று ஆய்வகத்தைத் திறக்கப்போவது அந்த ஊழியர்தான்.