மூன்று நிமிடத்தில் வெர்னா கேட்டது

கனடாவின் ஆர்ட்லி மில்ஸ் ஊரில் வண்டி ஓட்ட முடியாத நோயாளிகளை ஒட்டாவா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது பத்தொன்பது வருடமாக வெர்னா டல்லக்கின் வேலை. சம்பளம் கிடையாது. அஞ்சலகத்தில் அவள் வேலை பார்த்த காலத்தில் கணவன் ஹியூ புற்றுநோயில் படுத்தான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று அந்தப் பாதையை ஒற்றையாளாக ஓட்டித் தீர்த்தாள். அவன் போன அடுத்த மாதம், பக்கத்துத் தெருவில் ஒருத்தி அதே சிகிச்சைக்குப் போக வழியில்லாமல் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டுச் சாவியை எடுத்தவள்தான். அதன்பிறகு கீழே வைக்கவில்லை.

கடைசி நான்கு வருடமாக அவளுடைய நிரந்தரப் பயணி ஒவிலா சோவே. ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தாறு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலை எட்டு மணிக்கு அவர் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தாக வேண்டும். போகிற வழியெல்லாம் இருவருக்கும் சண்டை. டொராண்டோவிலிருந்து கியூபெக் நகரம் வரை முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் விடப்போவதாகச் சொல்லும் ரயில்தான் காரணம்.

“எட்டாயிரம் கோடி டாலராம், பெரியவரே! நம்ம ஊர்ல நிக்காமலே போகப்போற வண்டிக்கு. அதுல துளி கிள்ளிக் குடுத்தா பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில நாலு டயாலிசிஸ் மெஷின் வைக்கலாம்.”

“கிள்ளிக் குடுப்பாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? ரயிலை விட்டுட்டா அந்தக் காசு நேரா ஆஸ்பத்திரிக்கா வரும்? இன்னொரு ரோடு போடுவாங்க. அதுல நீ போய் மான் மேல மோதுவ.”

“இத்தனை வருஷத்துல ஒரு மான் மேலயாவது மோதியிருக்கேனா?”

“அதுங்கதான் உன் காரைப் பாத்ததும் சிலுவை போட்டுக்கிட்டு ஓடிடுதே, அம்மணி!”

ஒரு தடவை மட்டும் ஒவிலா விளையாட்டில்லாமல் பேசினார். “நீ ஓட்டுறதை நிறுத்துற அன்னைக்கு நானும் இதெல்லாம் போதும்னு நிறுத்திக்குவேன்.” அந்தப் பேச்சு வெர்னாவின் மனதில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அந்தக் குளிர்காலக் கடைசியில் அவளுக்கு எழுத்துகள் கலங்கத் தொடங்கின. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை கண் டாக்டரிடம் நடந்தே போனாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு ஜூலைதான் தேதி கிடைக்கும், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. மறுநாள் செவ்வாய். வீட்டுக்கு வந்து ஒவிலாவைக் கூப்பிட மூன்று முறை போனை எடுத்தாள். மூன்று முறையும் வைத்துவிட்டாள்.

அன்று மாலைதான் ரயில் பற்றிய ஊர்க்கூட்டம். பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பின் கூடம் நிரம்பி வழிந்தது. ரயில் திட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் வரைபடங்களோடும் கருத்துப் படிவங்களோடும் வந்திருந்தாள். பேச விரும்புகிறவர்களுக்குத் தலைக்கு மூன்று நிமிடம் என்று ஊராட்சித் தலைவி டாரீன் பெக் கடிகாரத்தை வைத்தாள்.

முதலில் எழுந்தவன் மர்டோ கினியர். அவனுடைய மாட்டுப் பண்ணையின் நடுவே ரயில் பாதைக்குக் கோடு போட்டிருந்தார்கள். “என் மாடு இந்தப் பக்கம், குளம் அந்தப் பக்கம். நடுவுல வேலி. மாடு தண்ணி குடிக்க டிக்கெட் எடுத்துக்கிட்டா போகும்?” என்றான். கூடம் சிரித்தது. அடுத்து ஒவிலா எழுந்து, இங்கே ஒரு நிறுத்தம் கேளுங்கள், கேட்காத ஊருக்கு எதுவும் வராது என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் முணுமுணுத்தார்கள்.

பிறகு வெர்னாவின் முறை. ரயிலுக்கு எதிராக இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். காகிதத்தை விரித்தாள், சிறிது நேரம் பார்த்தாள், மடித்துவிட்டாள்.

“எழுதிக்கிட்டுத்தான் வந்தேன். இந்த வெளிச்சத்துல படிக்க முடியல. கண்ணுல புரை. இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு காலைலதான் டாக்டர் சொன்னார். நாளைக்கு எட்டு மணிக்கு ஒவிலா ஒட்டாவால இருக்கணும். எட்டாயிரம் கோடியை என்ன செய்றதுன்னு நீங்க பேசுங்க. எனக்கு நாளைக்கு ஒரு டிரைவர் வேணும். அவ்வளவுதான்.”

ஒவிலாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. “என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே, அம்மணி” என்று அவர் மெதுவாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

“எத்தனை மணிக்குக் கிளம்பணும், வெர்னாக்கா?” மர்டோவின் குரல்.

“அஞ்சே முக்கால்.”

“அதுக்குள்ள மாட்டு வேலை முடிஞ்சிடும். நான் வர்றேன்.”

“உன் லாரி முழுக்க ‘ரயில் வேண்டாம்’னு எழுதியிருக்கே. அதுல நான் ஏறுவேனா?” என்றார் ஒவிலா.

“எழுத்து வெளியில இருக்கு, பெரியவரே. நீங்க உள்ள உக்காருங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் ஆட்கள் எழுந்து வந்தார்கள். “எங்கம்மாவை ஆறு வாரம் கூட்டிட்டுப் போனது நீங்கதான். எனக்கு வியாழன் போடுங்க” என்றாள் ஒருத்தி. ரயில் திட்டத்துப் பெண் ஒரு கருத்துப் படிவத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை நீட்டினாள். அதில் பதினான்கு பெயர்கள் சேர்ந்தன. ரயில் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் கலந்தே இருந்தார்கள். வெர்னாவால் படிக்க முடியாததால் டாரீன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். இவர்களில் யாரிடமும் தான் ஒருநாளும் உதவி கேட்டதில்லை என்பது அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோடையில் ஊராட்சி, கிளப் வாசலுக்குத் தார் போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு நோயாளிகளுக்காக ஒரு வேன் வாங்கியது. டயாலிசிஸ் மெஷின் கேட்டு மாகாணத்துக்கு மனு போயிருக்கிறது, பதில் இல்லை. ரயில் வழக்கம்போலப் பேச்சில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் நாளன்று வெர்னா பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். முன்னால் மர்டோவும் ஒவிலாவும் ஒட்டாவா வரை ஓயாமல் மோதிக்கொண்டார்கள். பத்தொன்பது வருடம் போய்வந்த சாலையோரத்தில் இத்தனை ஏரி இருக்கிறது என்று அன்றைக்குத்தான், அரைகுறைக் கண்ணோடு, அவள் கவனித்தாள்.

இப்போது பார்வை தெளிவு. பட்டியலில் பதினைந்தாவது பெயர் அவளுடையது, சனிக்கிழமை மட்டும். மற்ற இரண்டு நாளும் விடியுமுன் வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும்போது, படுக்கையில் இருந்தபடியே அன்று ஓட்டுகிறவரின் பெயரை ஒருமுறை சொல்வாள். அவளுக்குத் தெரிந்த ஜெபம் இப்போதைக்கு அதுதான்.