காலி வீதியின் மற்றப் பக்கம்

கொழும்பு வெள்ளவத்தை, பின்னேரம் நாலு மணியாகப் பத்து நிமிடம் இருக்கிறது. காலி வீதியைக் கடக்க நிற்கிறேன். பாஸ்போர்ட் எடுக்க மட்டக்களப்பிலிருந்து நேற்றுத்தான் வந்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் பெண் திடீரென்று என் சட்டைக் கையை இறுக்கிப் பிடிக்கிறார். அச்சுவேலியிலிருந்து வந்து இங்கே ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறாராம். எதிரே உள்ள டெலிபோன் கடைக்கு நாலு மணிக்குக் கனடாவிலிருந்து மகன் கோல் எடுப்பானாம்.

“தம்பி, நேவி சுடச் சுடக் கிளாலிக் கடலை இருட்டுக்குள்ள வள்ளத்தில கடந்து வந்தனான். இந்த றோட்டைக் கடக்க ஏலாமல் கிடக்கு. மூண்டு மாசமா இந்தப் பக்கம்தான்.”

“அப்ப மகனோட இன்னும் கதைக்கல்லையா?”

“லொட்ஜ்காரர்தான் போய்க் கதைச்சு வந்து சொல்லுறவர். இண்டைக்கு அவருக்குக் காய்ச்சல்.”

இரண்டு முறை வீதியில் இறங்குகிறோம். இரண்டு முறையும் பாய்ந்து நடைபாதைக்கே திரும்புகிறோம். மூன்றாம் முறை அவர் பயத்தில் கையை உயர்த்த, தனியார் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நிற்கிறது. பின்னால் வந்த வாகனங்களும் நிற்கின்றன. “நகின்ன, நகின்ன!” என்று எங்களை ஏறச் சொல்லிக் கத்துகிறார் கண்டக்டர். நாங்கள் ஏறாமல் பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிறோம். நடுவீதியில் அவர் மறுபடியும் கையை உயர்த்துகிறார். அங்கேயும் ஒரு பஸ் நிற்கிறது.

கடைக்குள் நுழையும்போதே மணி அடிக்கிறது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் அழுகிறார். பிறகு, கொழும்பு எப்படி என்று மகன் கேட்டிருக்க வேண்டும்.

“ஒரு பக்கம் நல்லாயிருக்கு, ராசா. மற்றப் பக்கத்துக்கு இப்பதான் வந்தனான்.”