மட்டையில் இல்லாத பெயர்

பீலெஃபெல்ட் பழைய சாமான் சந்தையில் போன மாதம் ஒரு தடித்த பெட்டியைப் பார்த்தேன். டிஸ்கோ காலத்தில் நடனப் பாட்டுகள் வெளியிட்டு, அந்த மோகம் அடங்கியதும் மூடப்பட்ட ஒரு டோர்ட்மண்ட் கம்பனியின் இசைத்தட்டுகளை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். கூடவே கம்பனியின் வரலாறு, புத்தகமாக. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கும் அதில் ஒரு வரி விளங்கியது. குரல்: பெயர் தெரியாத பெண்.

அது என் சித்தி.

அந்தக் கம்பனியில் ஒருத்தி பாடுவாள், இசைத்தட்டின் மட்டையில், அந்த அட்டைப் படத்தில், இன்னொருத்தி சிரிப்பாள். அதுதான் அவர்கள் வழக்கம். சித்தி அங்கே வெள்ளிதோறும் தரை துடைக்கப் போனார். ஒருநாள் பாடகி வரவில்லை. துடைத்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்த சித்தியை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். இசைத்தட்டு வந்தது. நானும் சித்தியும் இருந்த அகதி முகாமில் அதைப் போட்டுக் கேட்க வழியில்லை. சமைக்கும்போது சித்தியே பாடிக் காட்டுவார்.

“வெளியில சொல்லிப்போடாதை,” என்பார். டிஸ்கோ பாடியதற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த அறை அண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

“உன்ர சித்தியோ? மட்டையில வெள்ளைக்காரியெல்லோ நிக்கிறாள்,” என்று அவர் சிரித்தார். “கொம்மாவின்ர தங்கச்சி எப்ப வெளுத்தவ?”

அது எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

அகதி விண்ணப்பத்துக்காக அலுவலகத்தில் டெர்மின், வரச்சொல்லி நாளும் நேரமும் குறித்திருந்தார்கள். சித்திக்கு ஜெர்மன் ஏலாது. ஒன்பது வயதில் நான்தான் மொழிபெயர்ப்பு. அதிகாரி எனக்கு இனிப்புத் தந்தார். ஜன்னலோர ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. “இது என் சித்தி பாடியது,” என்றேன். அவர் சிரித்தபடி சித்தியைப் பார்த்தார்.

நான் ரேடியோவைக் காட்டியதிலேயே சித்திக்கு விளங்கிவிட்டது. “நான் பாடேல்லை எண்டு சொல்லு, பிள்ளை.” அவர் கை என் தோளை இறுக்கியது.

“பாடவில்லை என்கிறார். பொய். வெள்ளிதோறும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்,” என்று மொழிபெயர்த்தேன்.

விண்ணப்பம் முடியும்வரை எங்களைப் போன்றவர்கள் வேலை செய்யத் தடை. சித்தியின் வேலை போனது. எங்களை வேறு ஊர் முகாமுக்கு மாற்றினார்கள், பிறகு இன்னொன்றுக்கு. எந்தப் பள்ளியிலும் நான் நிலைக்கவில்லை. சித்தி அதன்பின் சமைக்கும்போதுகூடப் பாடவில்லை. என்னை ஏசவுமில்லை.

அன்று அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். கம்பனியின் பெயரைக் கேட்டு, சித்தியின் பெயருக்குக் கீழே எழுதினார். இரண்டும் ஒரே தாளில். இனி அட்டையிலும் அப்படித்தான் வரும் என்று நினைத்து, ஓர் எழுத்தும் பிழைக்காமல் சொல்லிக் கொடுத்தேன்.