பாயில் சுருட்டிய வில்

எங்கள் அப்பா வேட்டையாடி நான் பார்த்ததில்லை. வேட்டைக்குக் கிளம்பத் தயாரானதைத்தான் பார்த்திருக்கிறேன். தை அறுப்பு முடிந்ததிலிருந்து பங்குனி வரை அந்தத் தயாரிப்பு நடந்தது. ஒரு வேட்டைக்குப் போய்வர இவ்வளவு பேச்சும் இவ்வளவு நடையும் வேண்டுமா என்று இப்போது நினைத்தாலும் எனக்கே கால் வலிக்கிறது.

அது வெள்ளைக்காரன் காலம். எங்கேயோ பெரிய சண்டை நடக்கிறது, அதனால்தான் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்பார்கள். கொல்லிமலையில் இன்றைக்கு வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு அப்போது கிடையாது. எங்கள் தேவனூர் நாட்டிலிருந்து உப்பு வாங்கப் போவதென்றாலும் ஒற்றையடிப் பாதையில் காரவள்ளிக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து அப்பா பச்சைமலைக்கு ஆள் திரட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டார். எங்கள் முகட்டில் நின்றால் பச்சைமலை கிழக்கே நீலமாகத் தெரியும். கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் நடுவில் துறையூர்ச் சமவெளி கிடக்கிறது. அது வேறு ஜில்லா, அங்கே வேறு சர்க்கார் ஆட்கள்.

வேட்டை ஒரு சாக்கு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் முதலில் தெரியாது. அப்பாவின் ஒரே தங்கையைப் பச்சைமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தைக்குத் தலைப்பிள்ளை பிறந்து இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. அத்தையை அவள் புருஷன் போட்டு அடிக்கிறான், இடது கையைத் தூக்க முடியாமல் நடமாடுகிறாள் என்று அந்தப் பக்கம் போய்வந்த மிளகு வியாபாரி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வில்லுக்கு மூங்கில் வெட்டப் போய்விட்டார்.

தங்கையை அடித்தால் போய்க் கூட்டிவர வேண்டியதுதானே, வில் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் மலைகளில் ஒருத்தி புருஷனை விட்டு வருவது பெரிய அவமானமில்லை. வரலாம். ஆனால் பிள்ளை அப்பன் வீட்டோடு நின்றுவிடும். தாயும் பிள்ளையும் சேர்ந்து வரவேண்டுமென்றால் அந்த வீட்டார் மனசார அனுப்பவேண்டும். அதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. பங்குனியில் அவர்கள் ஊர்கூடி ஆடும் வேட்டைக்குச் சம்பந்தி ஊர்க்காரர்கள் வில்லோடு போய்ச் சேர்ந்துகொண்டால், கறியைப் பங்கு வைக்கிற இடத்தில் விருந்தாளிக்கு முதல் பங்கு கொடுத்து, வேறு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்த இடத்தில் விருந்தாளி கேட்பதை மறுத்தால் அந்த ஊருக்கே கெட்ட பேர். அப்பா அந்த இடத்தில் உட்கார்ந்து, தங்கையையும் பிள்ளையையும் அனுப்பி வையுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

துப்பாக்கி வைத்திருந்தவர்களின் லைசென்சு எங்கள் ஜில்லாவோடு சரி. ஆகவே வில். நேர் வழியாகக் கிழக்கே இறங்கினால் ரிசர்வ் காடு, பாரஸ்ட் கார்டு கண்ணில் பட்டால் வில்லைப் பிடுங்கி முறித்துப் போடுவார். ஆகவே மேற்கே காரவள்ளிக்கு இறங்கி, அங்கே எங்களிடம் மிளகு வாங்கும் கவுண்டரின் மாட்டுவண்டியில் நாமக்கல் போய், அங்கிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் துறையூர் சேர்ந்து, மறுபடி நடை. கிழக்கே போக வேண்டியவர்கள் மேற்கே இறங்குகிறார்களே என்று நான் கேட்டதற்கு, அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நார் திரிக்கப் போய்விட்டார்.

வழியைவிட ஆட்கள்தான் அப்பாவை அதிகம் அலைக்கழித்தார்கள். ஒருவர் தன் நாய் வராமல் தான் வரமாட்டேன் என்றார். நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்றார் அப்பா. அப்படியானால் நடந்தே போவோம் என்றார் அவர். நடந்தால் குறித்த நாளுக்குப் போய்ச் சேரமுடியாது என்று அப்பா விளக்கினார். கடைசியில் அவர், தான் வராமல் நாயை மட்டும் அனுப்புகிறேன் என்று சொன்னபோது அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் வீட்டில் மருமகளுக்கு மாசம் நிறைந்திருந்தது. பிள்ளை பிறந்தால் தீட்டு, அவர் வில் தொடக்கூடாது. அவர் வருவாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ள அப்பா தினமும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். பிரசவத்துக்கு அந்தப் பெண்ணின் மாமியார்கூட அப்படிக் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

"ஏனுங்க, இத்தன பேத்துக்குக் கட்டுச்சோறுக்கு நா எங்க போவேன்? சாமயக் குத்திக் குத்தி எங் கையே கழண்டு போச்சு" என்பாள் அம்மா.

"இன்னங் கொஞ்ச நாளு பொறுத்துக்க. தாயயும் புள்ளயயும் இங்க கொண்டாந்து சேத்துட்டா நா ஒரு மாசத்துக்குப் படுத்துத் தூங்கப் போறேன்" என்பார் அப்பா.

எனக்கு இந்த அலுப்பெல்லாம் ஒட்டவில்லை. நான் கல்யாணப் பெண்ணாகியிருந்தேன். அத்தை மகன் எனக்கு முறை மாப்பிள்ளை ஆயிற்றே! பார்க்கிறவர்கள் எல்லாம், "கண்ணு, உம் மாப்பிள்ள மல தாண்டி வாராராமே, பொங்கிப் போடத் தெரியுமா?" என்று கிண்டல் செய்தார்கள். பல் முளைக்காத மாப்பிள்ளைக்கு என்ன பொங்குவது என்று நான் உண்மையிலேயே யோசித்தேன். கேழ்வரகுக் கூழ் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் தானே யோசித்த அப்பா ஒரே ஒரு காரியத்தைத் தம் அண்ணனிடம் விட்டார். வில்களைச் சமவெளியில் யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோவது பெரியப்பாவின் பொறுப்பு. பெரியப்பா எதையும் சிறப்பாகச் செய்கிறவர். கோயிலில் பூசை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வில்களையும் அம்புகளையும் சத்தம் வராமல் பழந்துணி வைத்துக் கோரைப்பாயில் சுருட்டினார். இரண்டு முனையிலும் கயிறு போட்டு ஒரு மூங்கிலில் கட்டினார். அதன்மேல் பூசைமாலையையும் போட்டார். எங்கள் வழக்கப்படி பூசை போட்ட வில் வேட்டைக்காடு சேரும்வரை தரையில் படக்கூடாது, கட்டை அவிழ்க்கவும் கூடாது. அவிழ்த்தால் அந்த வருஷத்துக்கு அந்த வில்லால் வேட்டை இல்லை. இரண்டு பேர் முன்னும் பின்னும் தோள்கொடுத்துத் தூக்க, மற்றவர்கள் சோற்று மூட்டைகளோடு பின்னால் போனார்கள். நான் பாறைமேல் ஏறி நின்று பார்த்தேன். அழகான ஊர்வலமாகத்தான் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள், அப்பாவைத் தவிர.

நடந்ததைப் பெரியப்பாதான் சொன்னார். அந்த வருஷம் கீழே வாந்திபேதி கண்டிருந்தது. செத்தவர்களுக்குப் பாடை கட்டக்கூட ஆளில்லாமல் பாயில் சுருட்டி மூங்கிலில் தொங்கவிட்டு எடுத்துப்போனார்களாம். எங்கள் மலையில் எப்பேர்ப்பட்ட சாவுக்கும் பாடைதான், பாயில் சுருட்டும் வழக்கமில்லை. அதனால் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. காரவள்ளி எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டிக் காவல் நின்றவர்கள் கண்ணுக்கு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, ஆள் நீளத்துக்கு ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்தது.

"ஏப்பா, உங்க ஊருப் பொணத்த எங்க ஊருக்குள்ள கொண்டாறீங்களே, நாங்க புள்ளகுட்டியோட இருக்கறதா வேண்டாமா?"

"பொணமில்லீங்க, வில்லுங்க."

"அவுத்துக் காட்டு."

"பூச போட்ட வில்லுங்க. காடு சேராம அவுக்கக் கூடாதுங்க" என்றிருக்கிறார் பெரியப்பா, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே. எந்தப் பிணத்தைத் தூக்கி வந்தவனும் இதைவிட நல்ல பொய் சொல்லியிருப்பான். கூட்டம் கல்லை எடுத்துவிட்டது. வண்டிக்காரக் கவுண்டர் ஓடி வந்து சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவரையும் நம்பவில்லை. சுற்றிக்கொண்டு போகலாமென்றால் வேறு பாதையில்லை. திரும்பிப் போனால் குறித்த நாள் தப்பிவிடும்.

அப்பா கூட்டத்துக்கும் பாய்க்கும் நடுவில் வந்து நின்றிருக்கிறார். பிறகு, "எறக்குங்க. நா அவுக்கறேன்" என்று பாயைத் தரையில் இறக்கி, கயிற்றை அவரே அவிழ்த்தார். உருட்டிவிட்டதும் வில்கள் சிதறின. கூட்டம் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். போங்கள் போங்கள் என்று வழியும் விட்டார்கள். வழி கிடைத்தது, வேட்டை போய்விட்டது.

"இனி எதுக்குடா தம்பி போறது? வெறுங்கைய வெச்சுட்டு அங்க என்னத்தக் கேப்ப?" என்றார் பெரியப்பா.

"கேக்க முடியாதுங்கண்ணா. தங்கச்சியக் கண்ணால பாத்துட்டாச்சும் வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்பா தனியாக வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இந்தக் கதையைப் பெரியப்பா சாகும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கும்பிட்ட கையோடு தான் நின்றதை நடித்தும் காட்டுவார். கேட்கிறவர்கள் புரையேறிச் சிரிப்பார்கள். அப்பா அந்த இடத்தில் இருந்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

பச்சைமலையில் நடந்ததை அத்தை வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். வேட்டைக்கு ஊரே கூடியிருந்தபோது அப்பா வில்லில்லாமல் போய் நின்றார். வில் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். எல்லோரும் காட்டுக்குப் போன பிறகும் அப்பா அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்கும் பாத்தியதை அவருக்கில்லை. அத்தை உள்ளேயிருந்து அண்ணனைப் பார்த்தாள். பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, தூங்கினதும் மாமியார் மடியில் கிடத்திவிட்டு, கட்டின துணியோடு வெளியே வந்தாள். மாமியார் போகாதே என்றும் சொல்லவில்லை, பிள்ளையை எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

இவர்கள் இருவரும் வீடு வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். நான்தான் முதலில் பார்த்துவிட்டு ஓடினேன். அத்தை இளைத்திருந்தாள். ஒரு கையை மடக்கி மார்போடு வைத்திருந்தாள். அந்தக் கைக்குள் இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன், இல்லை. அப்பாவின் தோளைப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

"எம் மாப்பிள்ள எங்கீங்க அத்த?" என்றேன்.

ஊரே இத்தனை நாளாகக் கேட்டுச் சிரித்த கேள்விதான். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை என் தலையைத் தடவினாள். பெரியப்பா மட்டும், "உள்ள போ சாமி, அப்பனுக்குத் தண்ணி கொண்டா" என்றார். அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாசம் தூங்கப் போகிறேன் என்று சொன்ன மனுஷர் தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

அவர் பக்கத்தில் ஈர வாழையிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தேன். மல்லிகைப் பூ! எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய மல்லிகை பூக்காது. வரும் வழியில் அத்தையைப் பார்த்த வண்டிக்காரக் கவுண்டரின் சம்சாரம் கிணற்றடிச் செடியில் பறித்துக் கொடுத்ததாம். எனக்கு வேறென்ன தோன்றும், எனக்குத்தான் என்று தோன்றியது. மாப்பிள்ளை வராவிட்டால் போகிறது, பூவாவது வந்ததே என்று மடியில் அள்ளிக்கொண்டேன்.

அம்மா என் மடியிலிருந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அத்தையை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, நனைந்திருந்த அவள் மேல்துணியை விலக்கி, பூவை மார்பு நிறைய வைத்து, மேலே பழந்துணி போட்டு இறுக்கிக் கட்டினாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூ தலைக்குத்தானே, இவர்கள் ஏன் அதை நெஞ்சில் வைத்துக் கசக்குகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பூவாவது தா என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "இது தலைக்கு வெக்கற பூ இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடிக்கப் பிள்ளையில்லாத பால் கட்டிக்கொண்டால் உயிர்போக வலிக்கும் என்பதும், மல்லிகையை வைத்துக் கட்டினால் அது வற்றிவிடும் என்பதும், நானும் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பறிகொடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் வாசலுக்கு வந்து தரையில் புரண்டு, ஊர் கேட்க அழுதேன். எங்கள் வீட்டில் அன்று வாய்விட்டு அழுதவள் நான் ஒருத்திதான். அதுவும் ஒரு பிடிப் பூவுக்காக.