கப்பலுக்கு நான் அனுப்பாத எழுத்து

என் மகன் உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறான். வெள்ளைக்காரர் ஊர் பார்க்கப் போகிற கப்பல். தர்மபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் கப்பலில் வேலை செய்கிற பிள்ளை வேறு யாருக்கும் இல்லை என்பதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அங்கே குசினியில் சட்டி கழுவுகிற வேலை என்பதை அவ்வளவாகச் சொன்னதில்லை.

முந்தின கப்பலில் இருந்தபோது தன் குரலைப் பதிந்து போனுக்கு அனுப்புவான். நானும் பேசி அனுப்புவேன். கோழி அடைக்கு இருந்தது, குளம் நிரம்பி வான் பாய்ந்தது, எல்லாம் சொல்லுவேன். புதுக் கப்பலுக்கு மாறியதும் அது நின்றுவிட்டது. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, இன்ரநெற் சும்மா கிடைக்கிற கடைவாசலில் நின்று கூப்பிட்டான்.

"அம்மா, இந்தக் கப்பலில நெற் சரியான விலை. குரல், படம் எல்லாம் போக வேணுமெண்டால் சம்பளம் அதுக்கே காணாது. எழுத்து மட்டும் போற மலிவான பாக்கேஜ் ஒண்டு இருக்கு, அதை எடுத்திருக்கிறன். இனி எழுதித்தான் அனுப்புவன். நீங்களும் எழுதுங்கோ, என்ன?"

"அதுக்கென்ன, எழுதுறன்" என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு மட்டும்தான். எழுத்துத் தெரியும், கூட்டி வாசிக்கப் பொழுது போய்விடும். அவனுக்கு அது தெரியாது. சின்ன வயதில் அவனுடைய கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "எழுத்து வடிவில்லை, திருப்பி எழுது" என்று சொல்லுகிறவள் நான். அவனும் இருந்து திருப்பி எழுதுவான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

வந்த செய்திகள் எல்லாம் சின்னதாகவே இருந்தன. சுகமா, சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான். நாலைந்து நாளில் அந்த எழுத்துகளின் முகம் பழகிவிட்டது. பதிலுக்கு, பெருவிரலை உயர்த்திப் பிடித்திருக்கிற அந்தச் சின்னப் படத்தை அழுத்துவேன். அது எழுத்தைப்போலக் கப்பலுக்குப் போய்ச் சேரும் என்று அவனே சொல்லியிருந்தான்.

ஒரு நாள் முற்பகல், வேம்பின் கீழே பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் நானும் விதைக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். போன் சத்தம் போட்டது. திறந்தால் திரை நிறைய எழுத்து.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பெடியன் கடிதமே எழுதிப்போட்டான் போல கிடக்கு. வாசியுங்கோவன், நாங்களும் கேப்பம்."

அவள் முன்பள்ளியில் படிப்பித்தவள். போனை அவளிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாசிப்பதுபோலச் சொன்னேன்.

"கடலில சரியான மழையாம். கப்பல் கொஞ்சம் ஆடுதாம். மத்தியானம் கோழிக்கறியாம்."

"உப்பிடிச் சாப்பிட்டால், வரேக்க உங்கட படலைக்குள்ளால நுழைய மாட்டான்" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே பெருவிரலை அழுத்தினேன். பிறகு ஆறுதலாக எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கச்சான் முடிந்தது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, மறந்துபோனேன். அல்லது மறந்துபோனதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் கப்பல் கரை பிடித்ததும் கூப்பிட்டான்.

"அம்மா, நீங்கள் ஓம் எண்டபடியால் கையெழுத்து வைச்சிட்டன். இன்னும் ஒன்பது மாசம். தோள் நோவை எப்பிடியும் சமாளிப்பன்."

எதற்கு ஓம் என்றேன், எந்தத் தோள் என்று கேட்க வேண்டும். கேட்டால் நான் வாசிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். "ஓம் தம்பி, நில்லு. எனக்கிங்க என்ன குறை" என்றேன். முதலாவது பிழை தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

அன்று பின்னேரம் போனைக் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் சத்தமாக வாசித்தாள்.

'அம்மா, இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. சட்டி தூக்கித் தூக்கி வலது தோள் உயர்த்த ஏலாமல் கிடக்கு. வீட்டை வந்து உங்களோட கச்சான் போடுவம் எண்டு ஆசை. ஆனால் வீடு இன்னும் பூசாமல் நிக்குது. நீங்கள் சொல்லுறதுதான். நிக்கட்டோ? ஓம் எண்டால் நிக்கிறன். வா எண்டால் வாறன்.'

அவள் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "இதில மழையைக் காணேல்லையே, அக்கா."

"மழையுமில்லை, கோழியுமில்லை. எனக்கு வாசிக்க வராது" என்றேன். இத்தனை வயதுக்கு முதன்முதல் ஒருவரிடம் சொன்னேன். சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லவில்லை.

'வா' இரண்டாம் வகுப்பிலேயே நான் படித்த எழுத்து. அதை அவளிடம் கேட்காமல் தேடி அனுப்பினேன். அடுத்த நாள் பதில் வந்தது. அடுப்பில் வைத்த தேத்தண்ணி வற்றுமட்டும் நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'கையெழுத்து வைச்சாச்சு அம்மா. இனி ஏலாது. ஏன், சுகமில்லையோ?'

'சுகம்' என்று எழுதினேன். பெருவிரலை அழுத்தவில்லை.

அவன் வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தங்கச்சியிடம் வாசிக்கப் பழகுகிறேன். இதையும் கொப்பியில் ஒரு நாளைக்கு நாலு வரியாக எழுதினேன். பிழைகளை அவள் திருத்தினாள். அவன் வந்ததும் கொப்பியை அவன் கையில் கொடுப்பேன், வலிக்காத கையில். எழுத்து வடிவில்லை, திருப்பி எழுது என்றால், இருந்து எழுதுவேன்.