டைப்பிஸ்ட் எழுந்து நின்ற காட்சி

சின்ன துரை போய்விட்டார். லண்டனில். எண்பத்தெட்டு வயசாம்.

காலையில் மகள்தான் போனில் காட்டினாள். அந்த ஊர்ப் பேப்பரில் முக்கால் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள்... நாடக ஆசிரியர், ரேடியோ நாடகம் எழுதியவர், பிற்பாடு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதிப் பெயர் வாங்கியவர் என்று.

"இளமையில் சில காலம் இந்தியாவில் இருந்தார்" என்று ஒரே ஒரு வரி. எங்கள் எஸ்டேட், மஞ்சூர் மழை, நான், எல்லாம் அதற்குள் அடக்கம்.

RIP போடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருஷங்கள். எனக்குப் பதினேழு வயசு. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, குன்னூர் பஜாரில் துணிக்கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன்.

மேனேஜர், பெரிய துரை. அவருக்குக் கீழே அசிஸ்டெண்டாக வந்தவர் இவர். எங்களுக்குச் சின்ன துரை.

பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். பிளான்டர்ஸ் கிளப்பில் கிறிஸ்துமஸுக்குப் போடும் நாடகத்தை அதில்தான் எழுதுவார். ஆபீஸ் வேலை முடிந்ததும் நான் டைப் அடித்துக் கொடுப்பேன்.

எல்லாம் சிரிப்பு நாடகம். துரைமார்களே பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள். டைப் அடிக்கும்போது நான் எந்த இடத்தில் சிரிக்கிறேன் என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். சிரிக்கவில்லையென்றால் அந்த வரியை வெட்டிவிடுவார். மனுஷன் அவ்வளவு ஆசையாக எழுதினார்... பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அந்த வருஷம் இலை குவிந்த மாசம் வந்தது.

ஃபாக்டரியில் இலையை நசுக்கும் ரோலரை ஓட்டும் தோல் பெல்ட் அடிக்கடி கழன்றுவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நிறுத்தினால் இலை வீணாகுமே... ஓடும்போதே மாட்டச் சொல்லி பெரிய துரையின் ஆர்டர்.

மாரப்பன்தான் மாட்டுவார். நெட்டையான ஆள். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் காலையில் பெல்ட் அவரை இழுத்துக்கொண்டது.

அதற்கு மேல் எழுத மாட்டேன். நான் பார்த்தேன், போதும்.

சின்ன துரை அன்றைக்கே தன் கையால் ரிப்போர்ட் எழுதினார். இன்ஜினை நிறுத்தாதது, யார் ஆர்டர், எல்லாம் இருந்தது. பெரிய துரை அதைக் குறுக்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் சின்ன துரை என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது ரிப்போர்ட்டைச் சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி. அதில் மாரப்பன் குடிபோதையில் இருந்ததாக எழுதியிருந்தது.

அடுத்த வாரமே மாரப்பன் பெண்சாதி பழனியம்மாவும் இரண்டு பிள்ளைகளும் எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன் குடும்பத்துக்கு லைனில் இடம் கிடையாது என்றார்கள்.

சின்ன துரை அதற்கப்புறம் சிரிப்பு நாடகம் எழுதவில்லை. சீக்கிரமே கப்பல் ஏறிவிட்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் பழனியம்மா என்னை நிறுத்தினார். நல்ல மழை.

"பாய், ஆபீஸுல இருந்தவங்கதானுங்களே நீங்க? எங்க ஊட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு காயிதத்துல எழுதியிருக்காமே. அந்த வாசனையே ஆகாதுங்க அவருக்கு. யாருங்க அப்படிச் சொன்னது?"

பெரிய துரைதான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ரொம்ப காலத்துக்குப் பிறகு மருமகன் ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். சின்ன துரை எழுதிய நாடகத்தையே சினிமாவாக எடுத்தது. தேயிலை எஸ்டேட். பெல்ட். நெட்டையான ஒரு ஆள்.

ஆபீஸ் ரூமும் அப்படியே இருந்தது. என் ஜன்னல்கூட. அதில் பெரிய துரை ரிப்போர்ட் சொல்கிறார். அந்த வரி வந்ததும் டைப்பிஸ்ட் கையை எடுத்துவிடுகிறான். எழுந்து நிற்கிறான். பேப்பரை உருவிக் கிழித்துப் போடுகிறான்.

நாடகம் நடந்தபோது அந்த இடத்தில் லண்டன் ஜனங்களும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். இன்றைய பேப்பரிலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

படத்தில் சின்ன துரை என்று ஒரு ஆளே கிடையாது. தேடித் தேடிப் பார்த்தேன்.

வீட்டில் எல்லாரும் "அத்தா, இது நீங்களா?" என்று ஒரே சந்தோஷம். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏனென்றால் நடந்தது வேறு. சின்ன துரை பாதி ரிப்போர்ட்டில் நின்றுவிட்டார். சாவுக்கு என்ன காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய ஃபைல் எல்லாம் எனக்கு மனப்பாடம். யார் செத்தாலும் அந்த ஆபீஸில் அடிக்கிற வரி ஒன்று உண்டு. கெட்டிக்காரத்தனம் காட்டவேண்டுமே...

"வழக்கமாப் போடற வரி ஒண்ணு இருக்குங்க தொரை. குடிபோதைன்னு. போட்டுரட்டுங்களா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "போடு" என்றார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். எழுதவில்லை. இனி எங்கே எழுதுவது?

பழனியம்மாவும் இருக்க மாட்டார். பிள்ளைகள் கோயம்புத்தூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் பார்த்தால்... மாரப்பன் அன்றைக்குக் குடிக்கவில்லை. அப்படிச் சொன்னது பெரிய துரை இல்லை. நான்.

போய் வாருங்கள் துரை. நான் எழுந்து நிற்கவில்லை. உங்களுக்குத் தெரியும்.